சுடாமலே வெடித்த தோட்டாக்கள்

எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையின் கூரைவாரையில் ஒரு பித்தளைச் சொம்பு எப்போதும் கவிழ்த்துச் செருகியிருக்கும். பால் கறக்க வேறு பாத்திரம் உண்டு. மடி கழுவத் தண்ணீர் மொள்ளுவதற்கான சொம்பு இது. மதுராந்தகத்தில் ஐப்பசி மழை பிடித்து ஏரிக்குத் தண்ணீர் வரத் தொடங்கினால் கொட்டகைத் தரை தை பிறக்கும் வரை காயாது. சாணமும் கோமியமும் ஈரமும் சேர்ந்த ஒரு வாடை, கண்ணைக் கரிக்கும் அளவுக்கு, உள்ளேயே நிற்கும். அப்படி ஒரு மழைக்காலம் முடிந்து ஆயா அந்தச் சொம்பை எடுத்தபோது வாய்விளிம்பிலிருந்து தோள்வரை நூல் பிடித்தாற்போல் நேராக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. யாரும் அதைக் கீழே போடவில்லை. எதுவும் அதன்மேல் விழவில்லை. வாரையில் சும்மா இருந்த சொம்பு.

தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வந்த ஈயம் பூசுகிறவரிடம் ஆயா அதைக் காட்டினார். அவர் விளிம்பை நகத்தால் சுண்டிப் பார்த்தார். “மிஷின்ல அமுக்கின சொம்பு ஆயா. அதுக்கப்புறம் நெருப்புல காட்டாம அப்படியே வித்துட்டாங்க. தகடு விறைச்சிக்கினு இருந்திருக்குது. அத்த கொட்டாயில வெச்சா நிக்காது” என்றார். அவர் சொன்னது அத்தனையும் உலோகவியலின் மொழியிலும் சரி என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. புரிய வைத்தவை துப்பாக்கித் தோட்டாக்கள்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படைகள் மழைக்காலத்தில் நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டன. தோட்டாக்கள் நனையக் கூடாது என்று அவற்றைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பல தோட்டாக்களின் பித்தளைக் கூடு வெடித்திருந்தது. வெடிப்பு பெரும்பாலும் ஒரே இடத்தில், குண்டைக் கவ்விப் பிடித்திருக்கும் கழுத்துப் பகுதியில், நெடுக்காக ஓடியது. ஒரு தோட்டாவும் சுடப்படவில்லை. புத்தம் புதியவை. பருவமழையோடு வந்ததால் அந்தக் கோளாறுக்கு ‘சீசன் கிராக்கிங்’ என்றே ஆங்கிலத்தில் பெயர் நிலைத்துவிட்டது. பருவ வெடிப்பு என்று சொல்லலாம். உலகம் முழுவதும் உலோகவியல் பாடப்புத்தகங்களில் இன்றும் இருக்கும் அந்தச் சொல்லை அதற்குக் கொடுத்தது நம் நாட்டு மழை.

அதற்கு முந்தைய துப்பாக்கிகளில் இப்படி ஒரு சிக்கல் எழ வழியே இல்லை. மதுராந்தகத்துக்குப் பக்கத்திலிருக்கும் வேடந்தாங்கலில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் கொதித்துப்போய் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் காலத்தில் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றார்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு உரம் என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது. அந்த எச்சத்திலிருந்து வெளிவரும் அம்மோனியா இந்தக் கதையில் பின்னால் மறுபடி வரும். அந்தச் சிப்பாய்களின் துப்பாக்கிக்குத் தோட்டா என்றால் மருந்தையும் ஈயக் குண்டையும் சுற்றிய காகிதம். பல்லால் கிழித்து, குழாயின் வாய் வழியாகக் கொட்டி, குச்சியால் இடித்துச் சுட வேண்டும். சுட்ட பிறகு காகிதம் சாம்பலாகும். பிரிட்டிஷ் படைகளுக்குப் பித்தளை வந்தது 1860களில். 1866இல் எட்வர்டு பாக்சர் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் பெயரில் வந்த தோட்டாவில் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிக் கூடு செய்திருந்தார்கள். பிறகு ஒரே வில்லையிலிருந்து இழுத்து உருவாக்கிய கெட்டிக் கூடுகள் வந்தன. கூட்டுக்குள் இறுக்கம் நிரந்தரமாகக் குடிகொண்டது இந்த இழுப்பு முறையோடுதான்.

*

தோட்டாக் கூடு என்பது வெறும் டப்பா அல்ல. சுடும் நொடியில் அது செய்கிற வேலையைப் பார்த்தால், இவ்வளவு மலிவான பொருள் இவ்வளவு நுட்பமாக நடந்துகொள்வது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

கூட்டின் அடியில் பொருத்திய கேப்பில் துப்பாக்கியின் ஊசி இடித்ததும் மருந்து பற்றிக்கொள்கிறது. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நொடிக்குள் கூட்டின் உள்ளே காற்றழுத்தத்தைப் போல 3,000 மடங்குக்கும் மேலான அழுத்தம் எழுகிறது. லாரி டயரில் இருப்பது சுமார் எட்டு மடங்கு. இந்த அழுத்தத்தில் கூட்டின் மெல்லிய சுவர் புடைத்து, துப்பாக்கியின் எஃகு அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டல்தான் அடைப்பான். சுடுகிறவரின் முகத்தை நோக்கி வாயு பின்னால் பீறிடாமல் தடுப்பது அதுதான். குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கியதும் கூடு மறுபடி சுருங்கி, எஃகிலிருந்து விட்டுக்கொள்ள வேண்டும். ஒட்டிக்கொண்டே இருந்தால் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும்.

பித்தளைக்கு இந்த வேலை பொருந்துவதற்குக் காரணம் அதன் மீள்தன்மை. ஒரே அளவு விசைக்கு எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு பித்தளை நீளும். அதன் மீள்தன்மைக் கெழு 110 கிகாபாஸ்கல் அளவு, எஃகுக்கு 200. அதனால் விசை போனதும் அது திரும்பி வரும் தூரமும் கூடுதல். தோட்டாவுக்கான பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இந்தக் கலவையில் துத்தநாக அணுக்கள் செம்பின் அணுவரிசைக்குள்ளேயே இடம் பிடித்து உட்கார்ந்துவிடுகின்றன. தகடு இழுத்த இழுப்புக்கு வரும். நன்றாகப் பதப்படுத்திய நிலையில் அது தன் நீளத்தில் 60 சதவீதத்துக்கு மேல் இழுபட்ட பிறகுதான் அறுகும்.

கூடு செய்கிற முறையை, கன்னார் ஒருவர் சொம்பு தட்டுகிற முறையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கன்னார் தகட்டை வட்டமாக வெட்டி, பள்ளத்தில் வைத்துத் தட்டிக் குழி எடுப்பார். சில சுற்று தட்டியதும் தகடு விறைத்துக்கொள்ளும். அதற்கு மேல் தட்டினால் கிழியும். கை அதை முன்கூட்டியே சொல்லிவிடும். சுத்தியல் எம்பும், ஓசை மாறும். உடனே உலையில் வைத்துக் காய்ச்சுவார். கறுத்துப்போன மேல்பூச்சைப் புளித்தண்ணீரிலோ அமிலத்திலோ போட்டு எடுப்பார். மறுபடி தட்டல். தொழிற்சாலையிலும் இதேதான். வில்லை கிண்ணமாகிறது, கிண்ணம் இழுக்கப்பட்டு நீண்ட குழலாகிறது. ஒவ்வோர் இழுப்புக்கும் நடுவில் 600 டிகிரி அளவிலான உலை, பிறகு நீர்த்த கந்தக அமிலக் கழுவல். புனே அருகே கட்கியில் 1869இல் தொடங்கிய வெடிபொருள் தொழிற்சாலையிலிருந்து இன்றைய நவீன ஆலைகள் வரை இந்த வரிசையின் முதுகெலும்பு மாறவில்லை.

*

தட்டத் தட்டத் தகடு ஏன் விறைக்கிறது?

உலோகத்துக்குள் அணுக்கள் நாற்று நட்டதுபோல் வரிசை வரிசையாக நிற்கின்றன. வளைக்கும்போது ஒரு வரிசை இன்னொன்றின் மேல் வழுக்க வேண்டும். முழு வரிசையும் ஒரே நேரத்தில் வழுக்க வேண்டுமென்றால் நாம் கையால் எந்தக் கம்பியையும் வளைக்க முடியாது. அவ்வளவு விசை தேவைப்படும். உண்மையில் வரிசையில் இருக்கும் பிசகுகள்தான் நகர்கின்றன. பெரிய ஜமக்காளத்தை ஒரே இழுப்பில் நகர்த்துவது கடினம். ஓர் ஓரத்தில் சுருக்கம் ஒன்றை எழுப்பி, அதை மறுகோடி வரை தள்ளிக்கொண்டு போனால் ஜமக்காளம் முழுக்க நகர்ந்திருக்கும். அந்தச் சுருக்கம் போன்றதுதான் அணுவரிசைப் பிசகு. ஜெஃப்ரி டெய்லர், ஈகான் ஒரோவான், மைக்கேல் போலானி மூவரும் தனித்தனியாக, 1934 என்ற ஒரே ஆண்டில், இந்தக் கருத்தை முன்வைத்தார்கள்.

வளைக்கும்போது பிசகுகள் நகர்வது மட்டுமல்ல, பெருகவும் செய்கின்றன. பொங்கலுக்கு முந்தின நாள் பரனூர் சுங்கச்சாவடியைக் கடந்தவர்களுக்கு மீதியை விளக்கத் தேவையில்லை. பத்து வண்டி போகும்போது சாலை ஓடுகிறது. பத்தாயிரம் வண்டி இறங்கினால் ஒன்றுக்கொன்று வழிமறித்து எதுவும் நகராது. நன்றாகக் காய்ச்சி ஆற்றிய உலோகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் வெட்டுமுகத்தைப் பத்து லட்சம் அளவிலான பிசகுக் கோடுகள் குறுக்கிடும். கடுமையாகத் தட்டிய உலோகத்தில் இந்த எண்ணிக்கை லட்சம் கோடியை எட்டலாம். அணுவரிசைகள் வழுக்க இடமில்லை. இதைத்தான் கைவினைஞர் விறைப்பு என்கிறார், உலோகவியலாளர் வேலைக்கடினம் என்கிறார். பித்தளை இந்த நெரிசலுக்கு மிக எளிதில் ஆளாகும் உலோகம். செம்பில் ஒரு பிசகு தடை வந்தால் பக்கத்துத் தளத்துக்கு மாறிப் போய்விடும். துத்தநாகம் கலந்ததும் அந்தக் குறுக்குப் பாதை ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது. அதனால் மென்மையான நிலையில் 300 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும் இழுவலிமை, முழு விறைப்பில் 500ஐத் தாண்டும். இழுபடும் திறனோ 60 சதவீதத்திலிருந்து ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். வலிமை ஏறுகிறது, பொறுமை குறைகிறது.

தட்டும்போது நாம் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடும். தட்டிய தகட்டைத் தொட்டால் சுடும். சிறு பங்கு மட்டும் இந்த நெரிசலாக உள்ளேயே தங்கிவிடுகிறது. டெய்லரும் குவின்னியும் அதே 1934இல் இதை அளந்தார்கள். தங்கிவிடுகிற அந்தச் சிறு பங்குதான் நம் கதையின் மையம். கண்ணுக்குத் தெரியாது, எடையில் சேராது, பளபளப்பில் காட்டாது.

*

இனி, ஒருமுறை சுட்ட கூட்டை மறுபடி பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிப்புக்கே தனி உரிமம் வேண்டும் என்பதால் இது நம் ஊரில் வீட்டு வேலை அல்ல. சிங்கப்பெருமாள்கோவிலுக்கும் திருப்போரூருக்கும் இடையே, அனுமந்தபுரத்தில் இருக்கும் சுடுதளம் போன்ற இடங்களில் காவலர்களும் படையினரும் பயிற்சி முடித்ததும் காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ணிக் கணக்கு ஒப்படைத்துவிடுவார்கள். (இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: சுடுதளத்தின் அருகே காட்டிலோ வயலிலோ எந்த உலோகத் துண்டு கிடந்தாலும் தொடாதீர்கள், காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். பழைய இரும்புக் கடையில் நான்கு காசு கிடைக்குமென்று வெடிக்காத குண்டைத் தூக்கி வந்து உயிர்விட்டவர்கள் நாட்டின் பல சுடுதளங்களைச் சுற்றி இருந்திருக்கிறார்கள்.) அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இலக்குச் சுடுவோர் ஒரே கூட்டைப் பலமுறை பயன்படுத்துகிறார்கள். 1880களில் அமெரிக்க ராணுவமே எல்லைப்புறப் பாசறைகளில் சிப்பாய்களைக் கொண்டு அப்படிச் செய்தது. இப்படி மறுபடி மறுபடி பயன்படுத்துவோர் கையில் வயதாகும் கூடுகளில் பித்தளையின் வாழ்க்கை வரலாற்றைத் தெளிவாகப் படிக்க முடிகிறது.

ஒரு சுற்றில் கழுத்துக்கு நேர்வதை மட்டும் எண்ணுங்கள். சுடும்போது அறைச்சுவர் வரை விரிகிறது. அச்சில் அழுத்தி மறுபடி சிறிதாக்குகிறார்கள்; தேவைக்கு மேலேயே சிறிதாக்க வேண்டியிருக்கிறது. பிறகு உள்ளிருந்து ஒரு குமிழ் இழுபட்டு அதைச் சரியான அளவுக்கு விரிக்கிறது. கடைசியாகக் குண்டு நுழைந்து இன்னும் கொஞ்சம் விரிக்கிறது. விரிவு, சுருக்கம், விரிவு, விரிவு. கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிறோமே, அதையே ஒவ்வொரு சுற்றிலும் சிறு அளவில் செய்வதுதான் இது.

முதலில் தெரிகிற மாற்றம் உடைவு அல்ல, எதிர்ப்பு. மென்மையான கழுத்தை அச்சில் அழுத்தினால் சொன்ன அளவில் நிற்கும். விறைத்த கழுத்து அச்சிலிருந்து வெளிவந்ததும் எம்பி விரிந்துகொள்ளும். எம்பும் தூரம் உலோகத்தின் வளைவெல்லையை, அதாவது அது திரும்பி வராமல் நிலையாக வளையத் தொடங்கும் விசையளவைப் பொறுத்தது. எல்லை 100 மெகாபாஸ்கலாக இருக்கும்போது மீள்வு அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. விறைத்து 400 ஆனால் அதுவும் நான்கு மடங்காகும். அச்சு அதேதான், கையும் அதேதான். கூடு மட்டும் வேறு அளவில் வருகிறது. ஒரே பெட்டியில் மூன்று முறை சுட்ட கூடும் பத்து முறை சுட்ட கூடும் கலந்திருந்தால் ஒவ்வொன்றும் குண்டை ஒவ்வோர் இறுக்கத்தில் பிடிக்கும். குண்டு விடுபடும் விசை மாறினால் இலக்கில் அது விழும் இடமும் மாறும். போட்டிச் சுடுநர்கள் கூட்டின் முதுமையை முதலில் உணர்வது இலக்குத் தாளில்தான்.

பிறகு ஒருநாள் கழுத்து நெடுக்காகக் கீறல் விடுகிறது. அந்தக் கட்டத்தில் அது பெரும்பாலும் ஆபத்தில்லாத முடிவு. கூட்டைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

ஆபத்தான மாற்றம் வேறிடத்தில், கண்ணுக்கு எட்டாத உட்புறத்தில் நடக்கிறது. சுடும்போது கூட்டின் முன்பகுதிச் சுவர் அறையோடு ஒட்டிக்கொள்ள, கெட்டியான அடிப்பகுதி பின்னோக்கித் தள்ளப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே, அடியிலிருந்து கொஞ்சம் மேலே, சுவர் இழுபட்டு மெலிகிறது. அங்கே மெலிந்த உலோகம்தான் முன்னால் போய்க் கூட்டின் நீளத்தைக் கூட்டுகிறது. அதனால்தான் பலமுறை சுட்ட கூடு நீண்டு வளர்கிறது. கூடுதல் நீளத்தை வெட்டிச் சரிசெய்கிறார்கள். வெளியே அந்த இடத்தில் மெல்லிய பளபளப்பான வளையம் ஒன்று தென்படலாம். உள்ளே பள்ளம். அது ஆழமானால் ஒருநாள் கூடு இரண்டாகப் பிரியும். அடிப்பகுதி மட்டும் கையோடு வர, மீதி அறைக்குள் சிக்கும். அழுத்த வாயு வழி தேடிப் பாயும். கழுத்தைக் காய்ச்சிச் சரிசெய்யலாம். இந்த மெலிவைச் சரிசெய்ய வழி கிடையாது, ஏனென்றால் உலோகமே அங்கிருந்து இடம்பெயர்ந்துவிட்டது.

எத்தனை முறை பயன்படுத்தலாம் என்று கேட்டால் ஒற்றை எண் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். தளர்ந்த அறையும் அதிக அழுத்தமும் சேர்ந்தால் நான்கைந்து சுற்றில் கூடு முடிந்துபோகலாம். அளவு பொருந்திய அறை, மிதமான அழுத்தம், நேரத்துக்குக் காய்ச்சல் என்று பார்த்துக்கொண்டால் அதே பித்தளை சில டஜன் சுற்றும் ஓடும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இன்னொரு விசித்திரம் நடந்தது. அதுவரை கருமருந்தோடு பலமுறை ஓடிய கூடுகள், புகையில்லா மருந்து வந்ததும் ஒரே சுற்றில் நொறுங்கத் தொடங்கின. குற்றவாளி, கேப்பிலிருந்த பாதரசம். பழைய கருமருந்து கரியையும் உப்பையும் தாராளமாக விட்டுச் சென்றதால் பாதரசம் அந்தக் கரியிலேயே தங்கிவிட்டது. புதிய மருந்து சுத்தமாக எரிந்ததும் பாதரசம் நேராகப் பித்தளையில் படிந்து, அதை உருவாக்கியிருக்கும் நுண்ணிய படிகமணிகளின் எல்லைகளுக்குள் ஊடுருவி அவற்றைப் பிரித்தது. தங்க மோதிரத்தில் பாதரசம் பட்டால் வெளுத்துப் போவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊடுருவல் புதிதல்ல. பிறகு மறுபயன்பாட்டுக்கான தோட்டாக்களில் பாதரசமில்லாத கேப்பு வந்தது. அந்தத் தீமையிலிருந்து ஒரு சோதனையும் பிறந்தது: பித்தளைப் பொருளைப் பாதரச நைட்ரேட் கரைசலில் முக்கினால், உள்ளே இறுக்கம் ஒளிந்திருந்தால் நிமிடங்களில் வெடிப்பு வெளியே தெரியும். பல பத்தாண்டுகள் தொழிற்சாலைகள் இதைக் கொண்டுதான் பித்தளையை விசாரித்தன.

*

இப்போது லாயத்துக்குத் திரும்பலாம்.

அந்தத் தோட்டாக்கள் ஒருமுறைகூடச் சுடப்படாதவை. ஆனால் அவற்றின் பித்தளை அனுபவமில்லாதது அல்ல. வில்லையிலிருந்து கூடாகும் வரை இழுபட்டிருந்தது. கடைசியாகக் கழுத்தில் குண்டு செருகப்பட்டிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 7.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டைப் பிடிக்க வேண்டிய கழுத்தின் உள்விட்டம் அதைவிட 0.05 மில்லிமீட்டர், அதாவது ஒரு தலைமுடிப் பருமன், குறைவாக இருக்கட்டும். கழுத்து ஆயிரத்துக்கு ஆறரைப் பங்கு விரிய வேண்டும். அதை மீள்தன்மைக் கெழுவோடு பெருக்கினால் 700 மெகாபாஸ்கலுக்கு மேல் வருகிறது. எந்த விறைத்த பித்தளையும் அவ்வளவு தாங்காது. ஆக, கழுத்து தன்னால் தாங்க முடிந்த எல்லை வரை விரிந்து, அந்த எல்லையிலேயே இறுகி நிற்கிறது. பெட்டிக்குள் அமைதியாகக் கிடக்கும் ஒவ்வொரு தோட்டாவின் கழுத்தும் இரவும் பகலும் இழுத்துப் பிடித்த கயிறு.

லாயத்தின் காற்று அந்தக் கயிற்றை அறுத்தது. குதிரையின் சிறுநீரில் இருக்கும் யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக உடைக்கின்றன. வெயில் காலத்தில் அது காற்றோடு போய்விடும். மழைக்காலத்தில் கதவுகள் சாத்தியிருக்கும். பித்தளையின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்திருக்கும். அம்மோனியா அதில் கரைகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் செம்பை மெல்ல அரிக்க, அம்மோனியா அந்தச் செம்பைக் கவ்விக் கரையக்கூடிய ஆழ்ந்த நீல நிறச் சேர்மமாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. பள்ளியில் மயில்துத்தக் கரைசலில் அம்மோனியா ஊற்றி அந்த நீலத்தைப் பார்த்திருப்பீர்கள். சாதாரணமாக இந்த அரிப்பு மேற்பரப்பில் பரவலாக, அற்பமாகவே இருக்கும். ஆனால் இழுபட்டு நிற்கும் உலோகத்தில் அது படிகமணிகளின் எல்லைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. நுனியில் பாதுகாப்புப் படலம் உருவாகும், இழுவிசை அதைக் கிழிக்கும், புதிய உலோகம் வெளிப்படும், அம்மோனியா அதைத் தின்னும், மறுபடி படலம். விசை இல்லாத பித்தளையை அம்மோனியாவில் தொங்கவிட்டால் கறுக்கும், அவ்வளவுதான். அம்மோனியா இல்லாத உலர்ந்த காற்றில் விறைத்த பித்தளையை வைத்தால் தலைமுறைக்கும் கிடக்கும். இரண்டும் சேர்ந்தால் சில வாரங்கள் போதும்.

1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள், வூல்விச் ஆயுதச் சாலையின் ஆய்வுத் துறையிலிருந்து, இதைச் சந்தேகமில்லாமல் நிறுவிக் காட்டினார்கள். உள்ளே தங்கிய இழுவிசையும் வெளியே அம்மோனியாவும் கூட்டாளிகள் என்றார்கள். தீர்வும் அதிலேயே இருந்தது. லாயத்தை மாற்றுவது ஒரு வழி. இன்னும் உறுதியான வழி, இறுக்கத்தைப் பித்தளையிலிருந்தே எடுத்துவிடுவது. 250, 300 டிகிரி சூட்டில் அரைமணி, ஒருமணி நேரம் வைத்தால், விறைப்பு ஏறக்குறைய அப்படியே இருக்க, உள்ளிறுக்கம் மட்டும் தளர்ந்துவிடும். பிசகுகள் அழிவதில்லை, தங்களுக்குள் இடம் மாறி, ஒன்றையொன்று தள்ளாத வகையில் அமர்கின்றன. சுங்கச்சாவடியில் வண்டிகள் குறையாமலே வரிசை மட்டும் ஒழுங்காவது போல.

இன்னும் மேலே, 400 டிகிரியைத் தாண்டினால் வேறொன்று நடக்கிறது. நெரிசலாகத் தங்கிய அந்தச் சிறு பங்கு ஆற்றலே எரிபொருளாகி, பழைய படிகமணிகளுக்குள் பிசகில்லாத புதிய மணிகள் முளைத்துப் பரவி முழு உலோகத்தையும் விழுங்குகின்றன. தகடு மறுபடி இளமையாகிறது. கன்னார் உலையில் நடப்பதும், பலமுறை சுட்ட கூட்டின் கழுத்தைச் சுடுநர்கள் காய்ச்சுவதும் இதுதான். அதிலும் அளவு உண்டு. சூடு மிகுந்தால் மணிகள் பருத்துக்கொண்டே போய், வளைத்த இடத்தில் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரக்கும். மேலும் மிகுந்தால் துத்தநாகம் ஆவியாகத் தொடங்கும். அதைவிட முக்கியம், சூடு கூட்டின் அடிப்பகுதிக்கு இறங்கவே கூடாது. கழுத்து மென்மையாக இருக்க வேண்டும், அடி விறைப்பாக இருக்க வேண்டும். 3,000 மடங்கு அழுத்தத்தைப் பின்னாலிருந்து தாங்குவது அந்த விறைப்புதான். அது இளகினால் வாயு சுடுகிறவரை நோக்கி வரும். இரண்டு அங்குல நீளமுள்ள ஒரே பித்தளைத் துண்டில் ஒரு முனையில் ஒரு பதமும் மறுமுனையில் வேறு பதமும் வேண்டியிருக்கிறது. பதம் என்ற நம் சொல்லை நான் இவ்வளவு மதிப்பது இதனால்தான். சோற்றுக்கும் பாகுக்கும் மண்ணுக்கும் உலோகத்துக்கும் ஒரே சொல். எவ்வளவு என்பதையும் எதற்கு என்பதையும் அது ஒருசேரச் சொல்லிவிடுகிறது.

எங்கள் சொம்பின் கதை இப்போது முழுதாகத் தெரிகிறது. எந்திரத்தில் அமுக்கியதில் அதன் விளிம்பில் இறுக்கம் தங்கிவிட்டது. விற்பதற்கு முன் யாரும் அதைத் தணிக்கவில்லை. கொட்டகையில் கோமியத்தின் அம்மோனியா, வெளியே வடகிழக்குப் பருவமழை. ஈயம் பூசுகிறவரின் பையில்கூட அம்மோனியா உண்டு: நவச்சாரம். காய்ந்த பாத்திரத்தில் அதைத் தூவியதும் வெண்புகை எழுந்து மூக்கைத் துளைக்குமே, அது அமிலமாகவும் அம்மோனியாவாகவும் பிரிகிற வாடை. அமிலம் பித்தளையின் கறையை நீக்க, 232 டிகிரியில் உருகும் வெள்ளீயம் பஞ்சின் பின்னால் வழுக்கிப் பரவுகிறது. அந்தச் சூடு தகட்டின் இறுக்கத்தை ஓரளவு தளர்த்தியும் விடுகிறது. ஆண்டுக்கொரு முறை ஈயம் பூசிய பாத்திரங்கள் அந்த நெருப்பையும் ஆண்டுக்கொரு முறை கண்டன. மடி கழுவும் சொம்புக்கு யார் ஈயம் பூசுவார்கள்?

பித்தளை அடுக்களையை விட்டுப் போய் எவர்சில்வர் வந்தது. அதை அம்மோனியா ஒன்றும் செய்யாது. அதற்கு எதிரி உப்பு. 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கலந்த அந்த எஃகில், பற்றவைத்த இடத்தில் இறுக்கம் தங்கியிருந்து, குளோரைடும் சூடும் சேர்ந்தால் இதே போன்ற மெல்லிய வெடிப்பு ஓடும். மதுராந்தகத்திலிருந்து கிழக்கே போனால் கடலோரத்தில் கல்பாக்கம். அங்கே 1971இல் உலை ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி 1985இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர் மாறிய நிலையத்தில், வேக ஈனுலைகள் எனும் அணு உலைகளின் குழாய்களும் கலன்களும் பெரும்பாலும் இந்த வகை எஃகினால் ஆனவை. அவை கட்டப்படுவது மாமல்லபுரத்துப் பாறைகளைத் தின்கிற அதே உப்புக் காற்றில். பற்றவைப்பின் இறுக்கம், உலோகக் களைப்பு, அரிப்பு வெடிப்பு ஆகியவை அங்குள்ள உலோகவியலாளர்கள் பல பத்தாண்டுகளாக ஆராயும் பொருள்கள். லாயத்துத் தோட்டாவில் தொடங்கிய கேள்விதான். உலோகம் வேறு, காற்று வேறு.

ராணுவத் தோட்டா ஒன்றை எங்காவது அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்க நேர்ந்தால், அதன் கழுத்தையும் தோளையும் கவனியுங்கள். அடிப்பகுதி மஞ்சளாக மின்னும். மேலே நீலமும் பழுப்பும் கலந்து புகை படிந்தாற்போல் ஒரு கறை இருக்கும். காய்ச்சியபோது பிடித்த கறை அது. பொதுமக்களுக்கு விற்கும் தோட்டாக்களில் அழகுக்காக அதைத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். பல நாட்டு ராணுவங்கள் எடுக்க விடுவதில்லை. பெட்டியைத் திறந்து பார்க்கிறவருக்கு, இந்தக் கழுத்து நெருப்பைக் கண்டது என்று பார்த்த உடனே தெரிய வேண்டும்.